வண்டி மலிவு, மாடுதான் விலை! – வீட்டில் செய்யும் மின்சார காரின் கணக்கு

2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சார கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அடிக்கல் நாட்டியது 2024 பிப்ரவரியில். ஒன்றரை ஆண்டுக்குள் கட்டிடமும் எழும்பி காரும் வெளியே வந்துவிட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் என்பது திட்டம்.

அதே மாவட்டத்தில், தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வருவது குளத்தூர். விளாத்திகுளம் தாலுகா. ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கரிசல் காடு. உளுந்து, பாசி, கம்பு, சோளம், மிளகாய், மல்லி, பருத்தி..... மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் இல்லை. வெட்டிய சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பதும் இந்தப் பக்கத்துப் பிழைப்புகளில் ஒன்று.

இந்தக் கரிசல் காட்டில் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்காரர் பழைய கார் ஒன்றின் இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓட்ட நினைக்கிறார். எவ்வளவு செலவாகும்? அந்தச் செலவு திரும்பி வருமா?

சாதாரணக் கேள்விதான். ஆனால் உலகம் இதற்கு விடை தேடி 130 ஆண்டுகளாகத் தடுமாறியிருக்கிறது. தடுமாறியவர்கள் எல்லோரும் விழுந்தது ஒரே இடத்தில்தான். அந்த இடம் எது என்பது மாட்டுவண்டி வைத்திருந்த எந்தக் கரிசல் சம்சாரிக்கும் தெரியும்!

மாட்டுவண்டிக் கணக்கு

வண்டியை உள்ளூர் ஆசாரி செய்துவிடுவார். மரம், அச்சு, இரும்புப் பட்டா, கூலி, அவ்வளவுதான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல வருஷம் உழைக்கும். ஆனால் மாடு அப்படியா? மாட்டுத்தாவணிக்குப் போய்ப் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, விலை பேசி வாங்க வேண்டும். தினமும் சோளத்தட்டை போட வேண்டும், பருத்திக்கொட்டை ஆட்டி வைக்க வேண்டும். சில வருஷம் போனால் மாடு தளர்ந்துவிடும். விற்றுவிட்டு வேறு ஜோடி வாங்க வேண்டும். வண்டி அதேதான், மாடு மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே, "வண்டி என்ன விலை?" என்று கேட்டவன் பாதிக் கணக்குதான் கேட்டான். முழுக் கணக்கு மாட்டில் இருக்கிறது.

மின்சார காரில் பேட்டரிதான் மாடு. மின்சாரம் தீவனம். மோட்டாரும் சேஸும் வெறும் வண்டி. இதை மனதில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

முதல் ஓட்டத்தில் முந்தியது மின்சாரமே

பெட்ரோல் கார்தான் முதலில் வந்தது, மின்சார கார் நேற்று வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1900-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தயாரான 4,192 வாகனங்களில் 1,681 நீராவியில் ஓடுபவை. 1,575 மின்சாரத்தில் ஓடுபவை. பெட்ரோல் வண்டிகள் வெறும் 936தான்! அதற்கு முந்தைய ஆண்டே, 1899-இல், பெல்ஜியத்தைச் சேர்ந்த காமீல் ஜெனாட்ஸி என்பவர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலாகத் தாண்டினார். அவர் ஓட்டியதும் மின்சார வண்டியே.

ஆனால் மாட்டின் எடையைப் பாருங்கள். 1894-இல் பிலடெல்பியாவில் மோரிஸ், சாலம் என்ற இருவர் செய்த எலெக்ட்ரோபேட் வண்டியின் எடை சுமார் இரண்டு டன். அதில் ஏறக்குறைய முக்கால் டன் ஈய பேட்டரி. வண்டி தன் பேட்டரியைச் சுமப்பதற்கே சக்தியில் கணிசமான பங்கைச் செலவழித்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

பிறகு ஃபோர்டு வந்தார். 1908-இல் 850 டாலருக்கு விற்ற மாடல் டி காரை 1925-க்குள் 260 டாலருக்குக் கொண்டுவந்தார். 1912-இல் மின்சாரத்தால் ஸ்டார்ட் ஆகும் வசதி கெட்டரிங் என்பவரின் முயற்சியால் கேடிலாக் காரில் வந்தது. கையால் சுழற்றிக் கை ஒடிந்த காலம் போனது. தொழிற்சாலை பெருகப் பெருகப் பெட்ரோல் காரின் விலை இறங்கியது. ஈய பேட்டரி அப்படி இறங்கவில்லை. மின்சார கார் மெல்ல மறைந்தது. டெட்ராய்ட் எலெக்ட்ரிக் போன்ற ஒரு சில பெயர்கள் மட்டும் 1930-களின் கடைசி வரை தாக்குப்பிடித்தன.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியும் ஈயமும்

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் பெட்ரோலுக்குக் கடும் கட்டுப்பாடு. பஸ்களை எப்படி ஓட்டுவது? மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அடுப்புக்கரியிலிருந்து வாயு எடுத்து இன்ஜினை ஓட்டும் 'கேஸ் பிளாண்ட்' செய்தது. பஸ்ஸோடு ஒரு கரி அடுப்பும் சேர்ந்து ஓடியது! கையில் இருப்பதை வைத்து வண்டியை ஓட்டும் புத்தி தென்தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் கரி வாயு காணாமல் போனது.

அதே சமயத்தில் ஜப்பானில் வேறு கதை. போரில் தோற்ற நாட்டில் பெட்ரோல் இல்லை, ஆனால் நீர்மின்சாரம் இருந்தது. விமானம் செய்யத் தடை விதிக்கப்பட்டதால் வேலை இழந்த தச்சிகாவா விமான நிறுவனத்தின் பொறியாளர்கள் 1947-இல் 'டாமா' என்ற மின்சார காரைச் செய்தார்கள். ஒரு தடவை சார்ஜ் செய்தால் சுமார் 65 கிலோமீட்டர் ஓடும். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர். பேட்டரி தீர்ந்தால் பக்கவாட்டில் திறந்து, இழுத்துவிட்டு, வேறு பேட்டரி மாட்டிக்கொள்ளலாம். டாக்ஸியாகவும் ஓடியது.

1950-இல் கொரியப் போர் தொடங்கியது. ஈயத்தின் விலை தாறுமாறாக ஏறியது. பெட்ரோலும் மெல்லக் கிடைக்க ஆரம்பித்தது. டாமாவின் கதை முடிந்தது! காரில் எந்தக் கோளாறும் வரவில்லை. தாவணியில் மாடு விலை ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

கோவையின் முயற்சி

'வீட்டில் செய்த கார்' என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருபவர் ஜி.டி. நாயுடு. 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கியவர். 1937-இல் இந்தியாவின் முதல் மின்சார மோட்டார் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து எடுத்த முயற்சியில் கோவையில் உருவானது. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்திருந்தது. மின்சாரம் வந்த இடத்தில் மோட்டார் வந்தது, மோட்டார் வந்த இடத்தில் பம்புசெட் வந்தது. இன்று குளத்தூர்ப் பட்டறைக்காரர் ஒரு மோட்டாரைப் பிரித்துக் காயில் கட்டத் தெரிந்தவராக இருந்தால், அந்த வித்தையின் வேர் கோவையில் இருக்கிறது.

நாயுடு 1952-இல் இரண்டு பேர் போகும் சின்ன பெட்ரோல் காரை 2,000 ரூபாய்க்குத் தர முடியும் என்று செய்து காட்டினார். ஆனால் அதைத் தயாரித்து விற்க அரசின் அனுமதி கிடைக்கவில்லை. காரைச் செய்வது வேறு, அதைச் சாலையில் விடுவது வேறு என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது. இந்தப் பாடம் பின்னால் மறுபடியும் வரும்.

லவ்பேர்ட், ரேவா

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அமெரிக்காவில் பலர் வீட்டுக் கொட்டகையில் மின்சார கார் கட்ட ஆரம்பித்தார்கள். பழைய கார், விமானத்திலிருந்து கழற்றிய ஸ்டார்ட்டர் மோட்டார், கோல்ஃப் வண்டியின் 6 வோல்ட் பேட்டரி..... இதுதான் அவர்களின் சமையல் குறிப்பு. பெட்ரோல் மறுபடி மலிவானதும் அந்த வேகம் அடங்கியது.

இந்தியாவில் 1993-இல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் 'லவ்பேர்ட்' என்ற இரண்டு பேர் போகும் மின்சார கார் வந்தது. கேரளத்தின் சாலக்குடியிலும் கோவையிலும் இயங்கிய எட்டி கரண்ட் கண்ட்ரோல்ஸ் நிறுவனம் ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தின் துணையோடு செய்தது. ஈய பேட்டரி. ஒரு தடவை சார்ஜ் செய்தால் சுமார் 60 கிலோமீட்டர். கவனியுங்கள், 1947-இல் டாமா ஓடியதும் ஏறக்குறைய இதே தூரம்தான்! 46 வருஷத்தில் மாடு ஒரு அடி கூட அதிகம் நடக்கவில்லை. அரசின் மானியம் நின்றதும் லவ்பேர்டும் நின்றது.

அடுத்து பெங்களூரில் ரேவா. மாணவராக இருந்தபோது 1990-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சூரியசக்தி காரில் வேலை செய்த சேத்தன் மைனி உருவாக்கியது. 2001-இல் விற்பனைக்கு வந்தது. லண்டனில் 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஓடியது. இருக்கைக்கு அடியில் 6 வோல்ட் பேட்டரிகள் எட்டு, மொத்தம் 48 வோல்ட், 200 ஆம்பியர் மணி. காரின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பேட்டரியே! கம்பெனி சொன்ன தூரம் 80 கிலோமீட்டர்.

ரேவா வாங்கியவர்கள் தினசரி செலவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். சில வருஷம் கழித்து பேட்டரி மாற்றும் நேரம் வந்தபோதுதான் முழுக் கணக்கு தெரிந்தது. 2010-இல் மஹிந்திரா அந்த நிறுவனத்தை வாங்கியது. 2013-இல் வந்த அடுத்த கார் இ2ஓ ஈயத்தை விட்டு லித்தியத்துக்கு மாறியது.

குளத்தூர்க் கணக்கு

இப்போது பட்டறைக்காரரிடம் திரும்புவோம். கீழே இருப்பவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட விலைகள். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

ரேவா அளவுக்கே பேட்டரி என்று கொள்வோம். 48 வோல்ட், 200 ஆம்பியர் மணி. பெருக்கினால் 9.6 யூனிட். ஈய பேட்டரியை முழுக்க வடித்தால் சீக்கிரம் செத்துவிடும். 80 சதவீதம் மட்டும் எடுத்தால் 7.7 யூனிட். சின்ன கார் ஒரு கிலோமீட்டருக்கு 0.12 யூனிட் சாப்பிடும் என்றால் 64 கிலோமீட்டர். பாதுகாப்பாக 60 என்று வைத்துக்கொள்ளலாம்.

தீவனம்: சார்ஜ் செய்யும்போது கொஞ்சம் வீணாகும். சுவரிலிருந்து 10 யூனிட் எடுக்க வேண்டும். யூனிட் 6 ரூபாய் என்றால் 60 ரூபாய். அதாவது கிலோமீட்டருக்கு 1 ரூபாய்.

பெட்ரோல் கார்: லிட்டர் 100 ரூபாய், 20 கிலோமீட்டர் மைலேஜ். கிலோமீட்டருக்கு 5 ரூபாய்.

"அடேயப்பா, 4 ரூபாய் லாபம்!" என்று பெரும்பாலோர் இங்கேயே கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். இதுதான் 130 வருஷமாக எல்லோரும் விழுந்த பள்ளம்.

மாடு: பேட்டரி ஒன்று 15,000 ரூபாய் என்றால் எட்டுக்கும் 1,20,000. இப்படி ஆழமாக வடித்து ஏற்றினால் சுமார் 500 தடவை தாங்கும் என்று கொள்வோம். 500 தடவை, தடவைக்கு 60 கிலோமீட்டர், மொத்தம் 30,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 4 ரூபாய்!

தீவனம் 1, மாடு 4, ஆக மொத்தம் 5 ரூபாய். பெட்ரோலுக்குச் சமம். லாபம் பூஜ்யம்!!

இதிலும் ஒரு விஷயம் விட்டுப்போனது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் பழைய கணக்கு. சித்திரை வெயிலில் கரிசல் காட்டில் நிற்கும் காரை நினைத்துப் பாருங்கள். 500 தடவை 400 ஆனாலே மாட்டின் செலவு 5 ரூபாய். மொத்தம் 6. பெட்ரோலை விட நஷ்டம்.

இதில் மோட்டார், கண்ட்ரோலர், சார்ஜர், பழைய கார், வெல்டிங், கூலி எதுவும் சேரவில்லை. அதற்கு ஒரு 2 லட்சம் என்றால், அந்த 2 லட்சம் ஒருநாளும் திரும்பாது.

மாடு மாறியபோது

1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் பலவகை உண்டு. இன்று குறைந்த விலைக் கார்களிலும் ஆட்டோக்களிலும் அதிகம் வருவது இரும்பு பாஸ்பேட் வகை. தீப்பிடிக்கும் ஆபத்து மற்ற வகைகளை விடக் குறைவு, ஆயுளும் அதிகம். 1990-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவில் உருவானது.

அதற்கு வழி திறந்தது 1980-களின் கடைசியில் குட்இனஃபுடன் சேர்ந்து ஆறுமுகம் மந்திரம் செய்த ஆராய்ச்சி. யார் இந்த மந்திரம்? தென்தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 2019-இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவரும் இவரே!

புதிய மாட்டுக்குக் கணக்குப் போடுவோம். 10 யூனிட் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, யூனிட்டுக்கு 15,000 ரூபாய் வீதம் 1,50,000. 8 யூனிட் எடுத்தால் 66 கிலோமீட்டர். 2,000 தடவை தாங்கினால் 1,32,000 கிலோமீட்டர். மாட்டின் செலவு கிலோமீட்டருக்கு சுமார் 1 ரூபாய் 15 பைசா. தீவனம் 80 பைசா. மொத்தம் 2 ரூபாய்க்குள். பெட்ரோலை விட 3 ரூபாய் மிச்சம்!

தினம் 60 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள் ஓட்டினால் 54,000 ரூபாய் மிச்சம். வண்டிக்குப் போட்ட 2 லட்சம் நாலு வருஷத்துக்குள் திரும்பிவிடும். ஆனால் தினம் 10 கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால்? வருஷத்துக்கு 9,000. 22 வருஷம் காத்திருக்க வேண்டும்! சும்மா தொழுவத்தில் கட்டிப்போட்ட மாடு யாருக்கும் சம்பாதித்துக் கொடுக்காது.

தொழிற்சாலைகள் உயிர் பெற்றதும் இதனால்தான். பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி விலை 2010-இல் ஒரு யூனிட்டுக்கு 1,000 டாலருக்கும் மேல் இருந்தது. 2024-இல் 115 டாலர். சில்லாநத்தத்தில் தொழிற்சாலை வந்ததற்கு இந்த ஒரு எண்தான் முதல் காரணம்.

சாலையில் விட முடியுமா?

நாயுடுவின் பாடம் இங்கே மறுபடியும் வருகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் இருப்பதற்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. இன்ஜினை எடுத்துவிட்டு மோட்டார் வைப்பதும் அதில் சேரும். அங்கீகாரம் பெற்ற மாற்றுக் கருவியை அங்கீகாரம் பெற்ற இடத்தில் பொருத்தினால் வழி உண்டு. முழுக்கப் புதிதாகக் கட்டினால் சோதனை நிலையத்தில் தேற வேண்டும். ஒற்றைக் காருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட வண்டிக்குப் பதிவு வேண்டாம், ஆனால் அந்தச் சக்தியில் காரை இழுக்க முடியாது.

2022-இல் கேரளத்தின் கொல்லம் பக்கம் ஒரு பெரியவர் தானே மின்சார கார் செய்த செய்தி வந்தது. ஒரு சார்ஜில் 60 கிலோமீட்டர் ஓடும். செலவு சுமார் நாலரை லட்சம் என்றார்கள். கூடவே ஒன்றையும் யோசிக்க வேண்டும். அந்த நாலரை லட்சத்தில் மோதல் சோதனை இல்லை, காற்றுப்பை இல்லை, வாரண்டி இல்லை. தொழிற்சாலைக் கார் விலை அதிகம் என்று சொல்பவர்கள் இவற்றையும் தராசில் வைக்க வேண்டும்.

கடைசியாக...

குளத்தூருக்கு மின்சாரம் ஒரு குறையல்ல. தெற்கே தூத்துக்குடியில் 1979 முதல் அனல் மின்நிலையம். மேற்கே கயத்தாறு பக்கம் 1990-களிலிருந்தே காற்றாலைகள். வடக்கே கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் சூரியசக்தி நிலையம். தீவனம் நாலு திக்கிலும் விளைகிறது. வண்டி செய்யத் தெரிந்த கைகளும் கோவில்பட்டி, விளாத்திகுளம் பட்டறைகளில் உண்டு. வெளியிலிருந்து வருவது மாடு மட்டுமே. பேட்டரி செல்களில் பெரும்பகுதி இன்றும் சீனாவில்தான் தயாராகிறது.

ஆகவே பட்டறைக்காரருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கற்றுக்கொள்வதற்காகச் செய்வதானால் தாராளமாகச் செய்யலாம், அந்தப் படிப்புக்கு 2 லட்சம் ஃபீஸ் என்று நினைத்துக்கொள்ளலாம். சொந்தக் காட்டுக்குள் விதை மூட்டையும் உர மூட்டையும் இழுக்க ஒரு சின்ன வண்டி என்றால் அதைவிட நல்லது. ஆனால் பணம் மிச்சம் பிடிப்பதற்காக என்றால், மோட்டார் விலையை விசாரிப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பேட்டரி எத்தனை தடவை தாங்கும்? தினம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டப் போகிறோம்? அடுத்த பேட்டரிக்குப் பணம் எங்கே?

மாட்டுத்தாவணிக்குப் போகிற சம்சாரி, வண்டியின் பெயிண்டைப் பார்த்து மாட்டுக்கு விலை பேசமாட்டார். முதலில் பல்லைத்தான் பார்ப்பார்!